மொட்டைத் தலையில் எடுத்த பேன்

பின்னால் ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை மணலூர்பேட்டை தென்னந்தோப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிய வீட்டு விஜயலட்சுமி இருந்தாள். அவள் கணவர் ராஜாங்கம், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்து, கடைசி வரிசையில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அவளுடைய ஓர்ப்படி, அதாவது கொழுந்தன் மனைவி ஜெயசுதாவும் ஜெயசுதாவின் மகள் அபிநயாவும் இருந்தார்கள். சைக்கிள் கடை சுபாஷ் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். களை பறிக்கப் போகவேண்டிய ஆயம்மாளும் அவளோடு வேலைக்குப் போகும் பெண்களும் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நடுவில், புலித்தோல் அச்சிட்ட போர்வையின் மேல், மலையிறங்கி சாமி. அப்புறம் பேன்கள். வந்தவர்களில் சொந்தப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவை அவை மட்டும்தான்.

சாமி கல்வராயன் மலைக் குகையில் தவம் இருந்து இறங்கியவராம். எந்தக் குகை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பிள்ளைகளுக்கு வரும் சொறியும் பேனும் நோயே அல்ல, ‘பேனாத்தா’ என்னும் புது அம்மை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மாரியம்மனுக்கே தெரியாமல் அவளுக்கு ஒரு தங்கையை உண்டாக்கிவிட்டார்.

அம்மை வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை கட்டுவோம். குளிக்க மாட்டோம். துணி வெளுக்க மாட்டோம். மருந்தைத் தொட மாட்டோம். பிள்ளையை அணைத்துக்கொண்டு ஒரே பாயில் படுப்போம். சாமி இத்தனையையும் அப்படியே சொறிக்கு விதித்தார். சொறிப்பூச்சிகள் கூடிப் பேசித் தங்களுக்கென்று ஒரு சட்டம் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சாதகமாக எழுதியிருக்க முடியாது.

வெள்ளிதோறும் அற்புதம். பக்தர் தலையில் மஞ்சள் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். துணியை விலக்கினால் ஆத்தா பார்வை பட்டுக் கண் போய்விடும். சாமி துணிக்குள் கையை விட்டு, முனகி, வெள்ளைத் தட்டில் உதறுவார். பேன்கள் ஊரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தலையை ஏன் மூட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காணிக்கைக் குடத்தை மட்டும் சாமி திறந்தே வைத்திருந்தார்.

விஜயலட்சுமி இதில் விழுந்தது பக்தியால் அல்ல, மானத்தால். அபிநயா விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள், வைத்தியம் பாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியபோது அவள் கொதித்துப் போனாள்.

“இன்னாது, சொறியா? எங்க வூட்டுலயா?”

அம்மை வந்த வீடு என்றால் தெரு மரியாதையாக ஒதுங்கும். சொறி வந்த வீடு என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கும். இரண்டில் எது கௌரவம் என்று அவளுக்கா தெரியாது? அன்று மாலையே வாசலில் வேப்பிலை தொங்கியது.

ஒரு மாதத்தில் வீடே சொறிந்தது. ராஜாங்கம் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார். விஜயலட்சுமி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்தாள். பெரிய வீட்டுப் பெண் நாலு பேர் பார்க்கச் சொறிவதில்லை. அபிநயாவின் கைப்புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. ஆத்தா பூரணமாக இறங்கிவிட்டாள் என்று சாமி மகிழ்ந்தார்.

ஜெயசுதா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“ஆத்தா கோவிச்சிக்குவா.”

“கோவிச்சிக்கினா என்கிட்ட வரட்டும். ஒரு ராத்திரி இந்தப் புள்ளய மடியில வச்சிக்கினு அவளே உக்காந்து பாக்கட்டும்.”

வீட்டுப் பெண் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்ன பேசும்? விஜயலட்சுமியும் கூடவே கிளம்பினாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இசைவாணி கரியாலூரில், அதே கல்வராயன் மலையில் பிறந்து வளர்ந்தவர். விரல் இடுக்கைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: “சொறிங்கம்மா. தோலுக்குள்ள பூச்சி வளை தோண்டிக்கினு இருக்குது.”

“அம்மை இல்லீங்களா? மலைச்சாமி சொன்னாரே. உங்க மலைதான்” என்றாள் விஜயலட்சுமி.

“எங்க மலையில சொறி வந்தா நாங்க களிம்பு போடறோம். அவரு எந்தக் குகைன்னு கேட்டுட்டு வாங்க. எங்கப்பா அங்க ஆடு மேய்ச்சிருப்பாரு.”

“எங்க மாதிரி வூட்டுக்குள்ள எப்பிடிங்க இது வரும்?”

“பூச்சி பட்டா பாத்து ஏறறதில்லீங்க. ஒரே பாயில படுத்தா ஏறிக்கும்.”

சீழுக்கு மாத்திரை கொடுத்தார். சொறிக்குப் பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, தொப்புள், நக அடி எதையும் விடாமல் இரவில் தடவி, காலையில் குளிக்க வேண்டும். அரிக்கிறதோ இல்லையோ, வீட்டார் அத்தனை பேரும் ஒரே இரவில் தடவ வேண்டும். உடுத்திய துணியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அபிநயா தலையில் பேனும் இருந்தது. அதற்கு வேறு லோஷன். தலையில் பத்து நிமிடம் வைத்து அலசி, பேன் சீப்பால் வாரிவிட்டு, அதையும் ஒரு வாரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

“இத அதுக்கு, அத இதுக்குன்னு மாத்திப் போடாதீங்க. மண்ணெண்ண, பயிருக்கு அடிக்கற மருந்து எதையும் புள்ள தலகிட்ட கொண்டு போவாதீங்க, உசுருக்கே ஆபத்து. பூச்சி செத்த பின்னாடியும் ரெண்டு மூணு வாரம் அரிக்கும். பயந்துகினு ஜாஸ்தியாப் பூசாதீங்க. கைக்கொழந்த, மாசமா இருக்கறவங்க இருந்தா என்ன கேட்டுட்டுப் போடுங்க.”

வேப்பிலை இறங்கியது. களிம்பு ஏறியது. அபிநயா பள்ளிக்கூடம் போனாள். விஜயலட்சுமிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஒரு போர்வைக்காரன் அவள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்ட வைத்துவிட்டான். தோப்பில் ஆயம்மாளின் பிள்ளைகள் இன்னும் சொறிந்துகொண்டிருந்தார்கள். பெரிய வீடே நம்புகிறது என்று சொல்லித்தான் ஆயம்மாள் அங்கே போனாள்.

வியாழக்கிழமை மாலை விஜயலட்சுமி கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். கல்யாணத்தன்று ஊரே பேசிய கூந்தல். எழுந்தபோது அது இல்லை.

“இன்னாடி இது?” என்றார் ராஜாங்கம்.

“முடி. வளந்துடும்.”

வெள்ளிக்கிழமை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து, அதன் மேலேயே மஞ்சள் துணியையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய வீட்டுப் பக்தை திரும்பி வந்ததில் சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. மஞ்சள் துணிக்குள் கை போனது. முந்தானைக்கு மேலேயே தடவியது. முனகல் வந்தது. தட்டில் பேன்கள் ஊர்ந்தன.

“எங்க எடுத்தீங்க சாமி?”

“கொண்டைக்குள்ள தாயி. கூடு கட்டிக்கினு இருந்துது.”

அவள் மஞ்சள் துணியையும் முந்தானையையும் சேர்த்து இழுத்துக் கீழே போட்டாள். மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது.

ஆயம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “சாமி, கொண்ட எங்க?”

“தீட்டு... ஆத்தா கண்ணப் பறிச்சிடுவா” என்று உளறினார் சாமி.

“எனக்கு நல்லாத் தெரியுது. உங்க கைக்குள்ள இருக்கற தீப்பெட்டிகூடத் தெரியுது.” விஜயலட்சுமி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தீப்பெட்டி விழுந்து திறந்தது. உள்ளே மிச்சப் பேன்கள், அடுத்த பக்தருக்காக.

அவள் எழுந்து நின்றாள். அதுவரை அவள் வாய் ஒத்துக்கொள்ளாத சொல் வந்தது. “எங்க வூட்டுல சொறி வந்துது. களிம்பு போட்டோம், போச்சு. வெக்கத்துல அம்மைன்னு சொன்னேன், புள்ள சாவக் கெடந்துது. ஆயம்மா, நாளைக்குப் புள்ளைங்களக் கூட்டிக்கினு வா. நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்.”

சாமி மலை ஏறவில்லை. உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினார். கூட்டம் கலைந்தது. ஒரு மனிதனின் தலைமேல் துணியைப் போட்டால் அவன் கண் மட்டும்தான் மூடுகிறது. மூளையை அவனே மூடிக்கொண்டால்தான் உண்டு.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. சாமியைச் சோதித்த குற்றத்துக்காகப் பேனாத்தா கோபித்து, விஜயலட்சுமியின் முடியை ஒரே இரவில் உதிர்த்துவிட்டாளாம். இன்னும் சிலர் டாக்டரின் மருந்தில்தான் கொட்டியது என்கிறார்கள்.

உதிரவும் இல்லை, கொட்டவும் இல்லை. நாவிதர் தெய்வசிகாமணி சிரைத்தார்.