முன்னால் இருபத்திநாலு, பின்னால் இருபத்தாறு

"இப்போ எப்படி இருக்கு? நேத்து நல்லா இருந்துச்சா, இன்னிக்கா?"

கண்ணாடிக் கடைக்காரர் காலமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டே பிழைத்தவர். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பார். இப்போது கார் டயரில் காற்றை மாற்றிவிட்டு மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி யோசித்தாள். "இடுப்புல குத்துதுங்க."

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். பல வருடமாக ஷெட்டில் தூங்கியதைத் தட்டி எழுப்பிப் புது டயர் போட்டிருந்தார். மனைவிக்கு உடம்பு நோகாமல் ஓடினால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் விற்றுவிடுவது என்று மனதுக்குள் முடிவு. கல்யாணமான புதிதில் அவளுக்காக ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. தனியாக ஓட்டிக்கொண்டு திரிய அவருக்கு மனசு வரவில்லை.

குத்துகிறது என்றாளே என்று டயர்க் காற்றைப் பதினெட்டு பவுண்டுக்கு இறக்கினார். மறுநாள் ஸ்டியரிங் திரும்புவேனா என்றது. தெருமுனையில் வண்டி நேராக வக்கீல் வீட்டு ரோஜாச் செடிமேல் ஏறி நின்றது.

"கண்ணு டெஸ்ட் பண்றவருக்கே கண்ணு தெரியலையா?" என்று வக்கீல் கத்தினார்.

"குத்தலைங்க," என்றாள் மனைவி. "ஆனா தலை சுத்துது."

"புது டயருக்கு முப்பது வைங்க மாமா," என்றான் மச்சினன். வைத்தார். முதல் வேகத்தடையிலேயே அவருடைய மூக்குக்கண்ணாடி எகிறி மனைவியின் மடியில் விழுந்தது.

"பல்லெல்லாம் ஆடுதுங்க."

அளக்கும் கருவியின் மேல் சந்தேகம் வந்தது. இன்னொன்று வாங்கினார். அது வேறு கணக்குச் சொன்னது. மூன்றாவது, இரண்டையும் பொய்யென்றது. போதாக்குறைக்கு, வெயில் பட்ட பக்கத்து டயரில் காற்று கூடுதலாகக் காட்டியது. அதனால் விடியற்காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று ஆனது. கடை வாசலில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

இத்தனை வருடத்தில் 'உனக்கு எப்படி இருக்கு' என்று அவளிடம் இவ்வளவு தடவை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் முன்னால் இருபத்திநாலு, பின்னால் இருபத்தாறு. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவள் கண்ணை மூடிக் காற்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இப்போ?" என்றார் ஆசையாக.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னமோ ஒண்ணு சரியில்லைங்க. என்னன்னு சொல்லத் தெரியல."

அவருக்கு மனசு விட்டுப்போனது. அவளிடம் மூச்சு விடாமல், வெகுநாளாய் வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்த பல் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் சாவியை நீட்டினார். விரல்தான் விட மாட்டேன் என்றது.

மகள் வெளியே வந்தாள். "இவரு எதுக்குப்பா வந்திருக்காரு?"

"வண்டியை வாங்கிக்க. அம்மாவுக்குத்தான் ஒத்துக்கலையே. நானும் எவ்வளவோ பார்த்துட்டேன்."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! அம்மா உள்ள தலை வாரிக் கிளம்பி நிக்கிறாங்க. வண்டி முதல் நாளே சரியாத்தான் ஓடிச்சாம். சரின்னு சொல்லிட்டா மறுநாள் நீங்க கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னுதான் தினமும் ஒரு குறை சொல்றாங்க!"