கடைசித் துண்டும் கலா ரசிகர்களும்

வேண்டாம்வாதிகள் என்று ஓர் இனம் உண்டு. ஆசைப்பட்ட பண்டத்தை எதிரே வைத்துக்கொண்டே "எனக்கு வேணாம், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பார்கள். லகூனா ஏரிக்கரையிலுள்ள எங்கள் ஊரில் இவர்களுக்குப் பஞ்சமில்லை. இவர்களில் தலையாயவர் என் மாமா பொனிங்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? தட்டில் பத்துத் துண்டு இருக்கும்வரை எல்லோரையும்போலத்தான் இருப்பார்கள்; ஐந்தானதும் பக்கத்து ஆளுக்கு எடுத்துப் போட்டுத் தாராளம் காட்டுவார்கள்; இரண்டானதும் கரண்டியைக் கீழே வைத்து, வயிற்றைத் தடவி, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். ஒன்றானதும்? முற்றும் துறந்துவிடுவார்கள். கண் மட்டும் துறக்காது.

செல்சோ அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் இந்தத் துறவுக்கு வசதி அதிகம். அவர் ஓவியர்; சமைப்பது அவர் மனைவி. சுவரில் கையகல இடம் விடாமல் படங்கள்: வலை இழுக்கிறவர்கள், திருவிழாக் கூட்டம், எருமை, எருமைமேல் கொக்கு. கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலையே கிடையாது.

போன ஞாயிறு மாமாவுக்கு அறுபத்தொரு வயது முடிந்தது. டாக்டர் பன்றிக்கறியே கூடாது என்று சொல்லிவிட்டார். லூரிங் அத்தை மனமிரங்கி, பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு பன்றிக்கால் என்று சலுகை கொடுத்திருந்தாள். ஒன்றுதான், இரண்டாவது கேட்கக் கூடாது. மாமா ஒரு வருஷமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார். செல்சோ அண்ணன் கடையில் மொறுமொறுவென்று பொரித்த கால் மேசைக்கு வந்ததும் என்ன செய்தார்? கூட வந்திருந்த நாங்கள் ஒன்பது பேருக்கும் பரிமாறினார். தன் தட்டில் போட்டுக்கொண்டது வெறும் எலும்பு. கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது, தோல் கொப்புளித்துப் பொன்னிறமாக.

எங்கள் ஊர்ச் சட்டப்படி இரண்டு உபசாரத்துக்கு "வேணாம்" சொல்ல வேண்டும். மூன்றாவதுக்கு, "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று எடுத்துக்கொள்ளலாம்.

"எடுத்துக்கங்க, உங்க பொறந்தநாளுதானே," என்றாள் அத்தை.

"கழுத்து வரைக்கும் இருக்கு. பசங்க சாப்பிடட்டும்."

பசங்கள் வேறு ரத்தமா? எல்லோரும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரே நேரத்தில் கலா ரசிகர்கள் ஆனோம். மாமா எழுந்தே போய் எருமைப் படத்தின் முன்னால் கைகட்டி நின்றார். படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தது. அதில் எங்கள் தட்டு நன்றாகத் தெரிந்தது.

"அண்ணே, ஆறிப்போகுது. வந்து எடுத்துக்க," என்றாள் என் அம்மா.

"அட, நீ வேற. இந்த மேகத்தப் பாரு, என்னமா போட்டிருக்கான்."

இரண்டு முடிந்தது. அம்மா மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். மாமா முகத்தில் வெட்கமும் சம்மதமும் தயாராக வந்து நின்றன. அந்த நேரம் பார்த்துச் செல்சோ அண்ணன் கையைத் துடைத்தபடி வந்து சேர்ந்தார்.

"பதினஞ்சு வருஷமா கடை நடத்தறேன். வர்றவங்க தின்னுட்டுப் போயிட்டே இருக்காங்க. சாப்பாட்ட விட்டுட்டு எழுந்து வந்து என் படத்தப் பார்த்த மனுஷன் நீங்க ஒருத்தர்தான்." அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவை அழைத்து வந்து உட்காரவைத்து, தானும் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். மேகத்துக்கு எந்த நிறத்தோடு எதைக் கலந்தார், கொக்கு வரைய ஏன் மூன்று நாள் பிடித்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவர் கை தானாக நீண்டது. துண்டை எடுத்தது. பூண்டு மிதந்த வினிகரில் தோய்த்தது. அவர் கடித்த சத்தம் அடுத்த மேசைக்கும் கேட்டது.

"இன்னிக்கு வீட்டுக்காரி கைப்பக்குவம் பிரமாதமா வந்திருக்கு," என்றார் வாய் நிறைய. "நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே?"

மாமா காலித் தட்டைப் பார்த்தார்.

"வேணாம்," என்றார். "வயிறு நிறைஞ்சிடுச்சு."

அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் முழுசாக ஒரு வருஷம் இருக்கிறது. பாவம். நானா? எனக்கு அந்தத் துண்டின்மேல் ஆசையே இல்லை. மேகம் நிஜமாகவே அழகாக இருந்தது. நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உறவுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, தட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கையில், சுவரில் தொங்கும் மளிகைக்கடைக் காலண்டர் உங்களுக்குத் திடீரென்று அழகாகத் தெரிந்ததே இல்லையா?