கொழுந்தெடுக்கும் காட்சி உண்டு

வெள்ளைக்காரர் வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். கீழே தேயிலை மலையில் ஒரு குருவிகூட இல்லை.

சில்வெஸ்டர் முற்றத்து ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். குசினி வழியாகச் சுற்றிப் போய் மறுபக்கத்தில் நின்றும் எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் காலியாக இருந்த மலை அந்தப் பக்கமும் காலியாகத்தான் இருந்தது.

விளம்பரத்தில் போட்டது அவரேதான். மாத்தளைத் துணிக்கடையில் 'சாயம் போகாது' என்று கையை நெஞ்சில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எல்கடுவச் சந்திக்கு மேலே இருக்கும் தன் வீட்டைப் பயணிகள் தங்கும் வீடாக மாற்றியபோது, அந்த வாய் சும்மா இருக்கவில்லை. 'எங்கள் வராந்தாவில் இருந்தபடியே கொழுந்தெடுக்கும் பெண்களைக் காணலாம்' என்று எழுதிக் கண்டியில் உள்ள பயணக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். ஒரு மாதம் சத்தமில்லை. முந்தாநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஒரு வெள்ளைக்காரரை அனுப்புகிறோம், காலையில் வந்து மத்தியானம் போய்விடுவார், அவர் திருப்தியாகப் போனால் மற்றதெல்லாம் சரி என்றாள்.

மற்றதெல்லாம் என்றால் என்னவென்று சில்வெஸ்டருக்கு விளக்கத் தேவையில்லை. கம்பெனி சேர்த்துக்கொண்டால் வீட்டுக்கு ஆள் வரும். சேர்த்துக்கொள்ளாவிட்டால் அவர் மறுபடி முதலாளியின் கடைவாசலில் போய் நிற்க வேண்டும். வேலையை விட்ட அன்று முதலாளி கோபப்படவே இல்லை. "நத்தார் பண்டிகைக்குள்ள வந்துருவ, ஒன்ட நாற்காலிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் சில்வெஸ்டரை உட்காரவிடாமல் துரத்திக்கொண்டிருந்தது.

அவர் கணக்கப்பிள்ளை கிறிஷாந்துக்குப் போன் போட்டார். தோட்டத்தில் பெண்கள் எந்த மலையில் இறங்குவது என்று சொல்கிறவன் அவன்தான். ஞாயிறு பூசையில் இவருக்கு முன்வரிசையில் முழந்தாளிடுகிற பையனும்கூட.

"நாலு பொம்பளைங்கள இந்தப் பக்கம் அனுப்பி வைங்க ஐயா. கொஞ்ச நேரம்தான்."

"அண்ணே, அந்த மலை நேத்துத்தான் எடுத்து முடிஞ்சது. இனி தளிர் வுட்டு முறை வர ஒரு கெழமைக்கு மேல ஆகும். இன்னைக்கு எத எடுக்கச் சொல்றீங்க, காம்பையா?"

எல்கடுவயில் பிறந்தவன் மறக்கக்கூடாத விஷயம். துணிக்கடையில் நின்ற காலத்தில் அது அவருக்குச் சாயம் போய்விட்டது.

வராந்தாவுக்குத் திரும்பினால் அங்கே வேறு பிரச்சினை. வெள்ளைக்காரர் ரொட்டியைக் கையால் பிய்த்து, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலில் அழுத்திப் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. மரியாதைக்காக மனிதர் உயிரை விடுகிறார் என்று சில்வெஸ்டர் முடிவு கட்டினார். சம்பல் கிண்ணத்தைப் பணிவோடு எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் அவித்த உருளைக்கிழங்கும் ஜாமும் வைத்தார். வெள்ளைக்காரர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்போல அந்தக் கிண்ணம் குசினிக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் முகம் மலரவில்லை.

அவரைக் கூட்டிவந்த வேன் சாரதி ஸுஹைல் உக்குவளைப் பையன். போனைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோப்பையைக் கொஞ்சம் உயர்த்துங்க சேர், மலையைப் பாருங்க சேர் என்று இங்கிலீஷில் சொல்ல, அவரும் சொன்னபடி செய்தார். இந்தக் காலத்துச் சாரதிமார் இதையும் செய்ய வேண்டியிருக்கிறதே என்று சில்வெஸ்டர் இரக்கப்பட்டார்.

"அண்ணே, மலைல ஆளுகள் வாரது எப்ப?" என்று ஸுஹைல் மெதுவாகக் கேட்டான்.

"இந்தா, எறங்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு சில்வெஸ்டர் பின்பக்கம் ஓடினார்.

பின்பக்கத் தகரக் கொட்டிலில் மார்ஜரி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது. முன்னறை விருந்தாளி அறையானதும் கொட்டிலுக்கு வந்துவிட்டது. அது வந்த நாளிலிருந்து மார்ஜரியின் பேச்சும் குறைந்துவிட்டது. பக்கத்தில் மர வாங்கில் ஞானாம்பிகை உட்கார்ந்திருந்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்க்கும் இராசலிங்கத்தின் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரர். நாளைக் கலியாணத்துக்கு உடுக்கும் பிளவுஸை வாங்காமல் எழும்புவதில்லை என்று மாத்தளையிலிருந்து காலை பஸ்ஸிலேயே ஏறி வந்திருந்தார்.

"மார்ஜரி, ஒரு கூடையத் தூக்கிக்கிட்டுக் கீழ எறங்கு."

"எதுக்கு?"

"கொழுந்தெடுக்க."

மெஷின் நின்றது. "நான் கூடை தூக்கக்கூடாதுன்னுதான் எங்கப்பா என்னைத் தையலுக்கு அனுப்புனாரு."

"அவரு திருப்தியில்லாமப் போனா நான் திரும்பவும் துணிக்கடைக்குப் போவணும்."

"அப்ப மெஷின் முன்னறைக்கு வருமில்ல?"

"வரும்."

"அப்படின்னா எனக்கு நட்டம் ஒண்ணுமில்லயே."

இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குச் சேலை விற்ற சில்வெஸ்டர், வீட்டுக்குள் இப்படி ஒரு வாடிக்கையாளர் இருப்பதை அன்றுதான் கண்டார். பேரம் நீண்டது. கடைசியில், எது நடந்தாலும் முன்னறை ஜன்னலோரம் மெஷினுக்கே என்று முடிந்தது. தனியாகப் போக மாட்டேன் என்று மார்ஜரி ஒரு கொசுறும் கேட்டாள். இருவரும் ஞானாம்பிகையைப் பார்த்தார்கள்.

"எனக்கு உது தெரியாதெல்லோ" என்றார் அவர்.

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள் மார்ஜரி. "ஆனா நான் போனா பிளவுஸ் நிக்கும். நீங்களும் வந்தீங்கன்னா சீக்கிரம் திரும்பிடலாம்."

கொஞ்ச நேரத்தில் மார்ஜரி புருஷனின் பழைய சட்டையை மேலே மாட்டி, தலையில் தொப்பி வைத்து, இடுப்பில் ஈரம் படாமல் படங்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். இன்றைக்குக் கொழுந்தெடுக்கிற எந்தப் பெண்ணும் அப்படித்தான் இருப்பாள். சில்வெஸ்டர் தலையில் கையை வைத்தார்.

"இப்படியா வாறது? கலண்டர்ல வர்ற மாதிரி வா."

ஆகவே திருநாளுக்கு உடுக்கும் சிவப்புப் பட்டு வெளியே வந்தது. ஞானாம்பிகையின் கைப்பையிலிருந்து ஒரு ஒட்டுப்பொட்டு மார்ஜரியின் வேதக்கார நெற்றிக்கு ஏறியது. முன்னறைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த கூடையைப் பிளாஸ்டிக் பூக்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கழற்றினார்கள். ஞானாம்பிகைக்குக் கிடைத்தது சந்தைக்குப் போகிற பிளாஸ்டிக் கூடை.

சிவப்புப் பட்டு தேயிலைக்குள் இறங்கியதும் வராந்தாவில் ஸுஹைல் உற்சாகமானான். வெள்ளைக்காரரை எழுப்பி, மலைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, படத்துக்கு மேல் படம் எடுத்தான். சில்வெஸ்டருக்கு மூச்சு வந்தது. ஆனால் பெண்கள் இருவரும் சும்மா நிற்கிறமாதிரி இருந்தது. நேற்று எடுத்த மலையில் கொழுந்துக்கு எங்கே போவது? மார்ஜரி முற்றல் இலையாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை குனிந்தவர் நிமிரவே இல்லை. தண்ணீர்க் கானோரத்தில் வல்லாரை மண்டிக் கிடந்தது. மத்தியானச் சம்பலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கட்டும் என்று சில்வெஸ்டர் நினைத்தார். கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து போடும் சத்தம் ஒன்று உண்டு. அது அவர் சின்ன வயதில் கேட்டது. நல்லவேளையாக அது மட்டும் மறக்கவில்லை.

"பொலி சொல்லு, மார்ஜரி" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

மார்ஜரி முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கோயில் பாடற்குழுவில் பழகிய தொண்டையைத் திறந்து, "பொலியோ பொலி" என்று இழுத்தாள். விளைச்சல் பெருக வேண்டும் என்று சொல்வதாக அவள் விளக்கியதும், நல்ல விஷயம்தானே என்று ஞானாம்பிகையும் தேவாரக் குரலில் சேர்ந்துகொண்டார். மலையில் பட்டுத் திரும்பிய சத்தம் வெள்ளைக்காரருக்கு மட்டுமா கேட்டது? மேல்மலையில் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆளே இருக்கக்கூடாத மலையில் யார் பொலி சொல்வது? கொழுந்து களவு போகிறது என்றால் பதில் சொல்ல வேண்டியவன் கிறிஷாந்த்.

விசில் சத்தத்தோடு அவன் இறங்கி வந்தான். கீழ்க் கிராமத்துப் பெண்கள் என்று நினைத்துச் சிங்களத்தில் திட்டிக்கொண்டே வந்தான். அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது. சில்வெஸ்டர் வெள்ளைக்காரர் பக்கம் திரும்பி, மேற்பார்வையாளர் பெண்களை வாழ்த்துகிறார், இது எங்கள் பழைய வழக்கம் என்று இங்கிலீஷில் அவிழ்த்துவிட்டார். வெள்ளைக்காரர் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று சில்வெஸ்டரும் கொஞ்சம் நெகிழ்ந்தார்.

கீழே கிறிஷாந்த் பட்டுச் சேலைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா?"

"ஒங்க அண்ணன்கிட்டக் கேளுங்க" என்றாள் மார்ஜரி.

சில்வெஸ்டர் விழுந்தடித்து இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். கிறிஷாந்துக்குப் புரிந்தது. ஆனால் மேல்மலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பறித்த இலை நிறுவைக்கு வராமல் வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் களவுதான், நாளைக்குத் தோட்டத் துரைக்கு யார் பதில் சொல்வது என்றான். கூடையோடு மடுவத்துக்கு வந்து இலையைக் கொட்டிவிட்டுப் போகட்டும், அத்தோடு சரி.

நிறுக்கிற கொட்டிலைத்தான் மடுவம் என்பார்கள். அது மேலே, ரோட்டு வளைவில் இருந்தது. நாங்களும் வருகிறோம், நிறுக்கிற படம் நன்றாக இருக்கும் என்று ஸுஹைல் வெள்ளைக்காரரையும் கிளப்பிவிட்டான். போகிற வழியில் அவர் காலில் ஒரு அட்டை ஏறியது. சில்வெஸ்டர் பதறி உப்பெடுக்க ஓடப் பார்த்தார். வெள்ளைக்காரர் நடையை நிறுத்தாமலே அதை ஒரு சுண்டுச் சுண்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

மடுவத்தில் உண்மையான பெண்கள் காத்திருந்தார்கள். தொப்பி, ஆண்கள் சட்டை, முதுகில் உரச்சாக்கு. ஒருத்தியும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் மார்ஜரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கெத்தரின் என்கிற பெண், அவளோடு நற்கருணை வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவள், இரண்டு கூடைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுல பூரா முத்தல். மத்ததுல வல்லாரை கெடக்கு. பெக்டரி டீமேக்கர் கேட்டா என்னான்னு சொல்றது?"

"உது தேயிலை இல்லை, நான் வீட்டை கொண்டுபோக வைச்சிருக்கிறன்" என்று ஞானாம்பிகை கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கிறிஷாந்த் இலையைத் தள்ளுபடி செய்தான். ஸுஹைல் அதற்கிடையில் கெத்தரினையும் மற்றவர்களையும் கையால் ஓரமாக ஒதுங்கச் சொன்னான். பட்டுச் சேலைக்காரர் மட்டும் சேருக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்றான்.

பிறந்ததிலிருந்து கொழுந்தெடுக்கிறவர்கள் படத்துக்கு ஒதுங்கி நின்றார்கள். ஒரு நாளும் எடுக்காதவளுக்கு இடம் கிடைத்தது. மார்ஜரி கூடையைக் கீழே வைத்தாள். நெற்றிப் பொட்டை எடுத்துக் கூடையின் விளிம்பில் ஒட்டினாள்.

"போதுங்க" என்றாள் சில்வெஸ்டரிடம். குரலில் கோபம் இல்லை. "அந்த மனுசன் காசு செலவழிச்சு எங்கிருந்தோ வந்திருக்காரு. நாம அவர ஏமாத்துறோம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சில்வெஸ்டருக்கு முதலாளியின் சிரிப்புக் கேட்டது. காலியான நாற்காலியும் தெரிந்தது. ஆனால் கெத்தரினின் முன்னால் தன் மனைவி நின்ற நிலையும் தெரிந்தது. துணிக்கடையில் எத்தனை பொய் சொல்லியிருந்தாலும், விற்றது பொய் என்று வீட்டுக்காரி சொன்னபிறகு எந்த வியாபாரியும் அந்தத் துணியை மறுபடி விரிப்பதில்லை.

வெள்ளைக்காரரைத் தேடினார். அந்த நேரம் பார்த்து வளைவில் பாணும் பணிஸும் விற்கிற பாண் ஆட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. வெள்ளைக்காரர் சட்டைப் பையைத் தடவியபடி அதன் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். சில்வெஸ்டருக்குத் தெரிந்த இங்கிலீஷ் பொய் சொல்லப் போதுமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போதாது. அவர் ஸுஹைலின் தோளைப் பிடித்தார்.

"தம்பி, நீங்களே அவருகிட்டச் சொல்லிடுங்க. இது என் சம்சாரம். தையல்காரி. கொழுந்து எடுத்ததே இல்ல. அந்த அம்மா பிளவுஸ் வாங்க வந்தவங்க. இந்த மலைல இன்னைக்குக் கொழுந்தே கெடையாது. எங்க வீட்டச் சேர்த்துக்காட்டியும் பரவால்ல, மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாமுன்னு கேட்டுக்குங்க."

ஸுஹைல் போனை இறக்கினான். பாண் ஆட்டோவைப் பார்த்தான், மார்ஜரியைப் பார்த்தான், பிறகு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல சில்வெஸ்டரின் காதருகே குனிந்தான்.

"அண்ணே, அவரு ஊர் பாக்க வந்தவரில்ல, கண்டிக்குக் கிட்ட கட்டுகஸ்தோட்டைல கலியாணம் முடிச்சி இங்கிலீஷ் கிளாஸ் நடத்துறவரு, கம்பெனிப் படத்துக்கு வெள்ளக்காரரா வந்து நிப்பாரு, உங்கட வீட்டப் போன மாசமே சேத்தாச்சு, படம் மட்டுந்தான் பாக்கி, அத முன்னுக்கே சொல்லாம வுட்டது, சொன்னா வீட்டாக்கள் நடிக்கத் தொடங்கிருவாங்க எண்டுதான்."