பன்றியின் காரும் டிக்கியில் வைத்த தொட்டியும்

ஒரு காட்டில் சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் மலையேறும் சாலை. ஒரு வளைவைத் தாண்டினால் அடுத்த வளைவு காத்திருக்கும். இந்தச் சாலையை நம்பி, பூவலிங்கம் என்ற காட்டுப்பன்றி சூப்பர்சார்ஜர் வைத்த சிவப்புக் கார் ஒன்றை வாங்கியிருந்தது. விற்றது ஒரு மயில். தோகையை மடக்கி உள்ளே உட்கார முடியவில்லை என்று காரணம் சொன்னது. வண்டியில் வேறு குறை உண்டா என்று பூவலிங்கம் கேட்கவில்லை. சிவப்பு நிறத்தைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

குறை இருந்தது. பூவலிங்கத்தின் மனைவி செண்பகத்துக்குப் போன முறை பிரசவ வலி எடுத்தபோதுதான் அது தெரிந்தது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். முதல் சில வளைவுகளில் கார் சீறிப் பாய்ந்தது. பாதி மலையில் மூச்சு வாங்கியது. பிறகு விறகு சுமந்த கழுதை ஒன்று வணக்கம் சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனது. கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் நின்றேவிட்டது. அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த மான்கூட்டம் மொத்தமும் நின்று வேடிக்கை பார்க்க, செண்பகம் சாலையோரத்தில் குட்டி போட்டது. மான்கள் மரியாதைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இப்போது செண்பகம் மறுபடியும் நிறைமாதம். அது கேட்டது படுக்க ஒரு மெத்தை, மறைக்க ஒரு திரை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் இரண்டும் இருந்தன.

"நடுரோட்டுல இன்னொரு தடவை என்னால ஆகாது," என்றது. அதற்கு மேல் சண்டை போடவில்லை. பூவலிங்கத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

பூவலிங்கம் காரை ஜெயசீலனிடம் ஓட்டிக்கொண்டு போனது. ஜெயசீலன் முள்ளம்பன்றி. ஓடைக்கரையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தது. அந்தக் காட்டில் அதனிடம் பேரம் பேசியவர் யாரும் கிடையாது. பேரம் பேசும் அளவுக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாது. பானட்டைத் திறந்து, முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டு ஜெயசீலன் விளக்கம் சொன்னது. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். திணிக்கிற காற்று சூடாகும். சூடான காற்றில் வலு கிடையாது. அதைக் குளிர வைக்கத்தான் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஆனால் கம்பெனிக்காரன் முன்னால் வைத்திருக்கும் டப்பா ஒரு குடம் தண்ணீர்கூடக் கொள்ளாது. ஏற்றத்தில் அந்தத் தண்ணீரே வெந்நீராகிவிடுகிறது.

"டிக்கியில பெரிய தொட்டி ஒண்ணு வச்சிருவோம் அண்ணாச்சி. ஐஸைக் கொட்டி மூடிட்டா, மலை ஏறி முடியிற வரைக்கும் வண்டி ஜில்லுனு இருக்கும்."

பூவலிங்கத்துக்கு இது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் அப்படியே ஒப்பித்தது. செண்பகம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெதுவாக ஓட்டினால் சூடாகாதே என்றது. மறுநாள் ஷெட்டில் இதைச் சொன்னபோது ஜெயசீலனின் முதுகில் முட்கள் அத்தனையும் நிமிர்ந்தன. மெதுவாகப் போவதற்கு யாராவது சூப்பர்சார்ஜர் வைப்பார்களா என்று அது கேட்டது. பெண்டாட்டி சொன்னதற்காகப் பூவலிங்கம் வருத்தம் தெரிவித்தது.

வேலை ஆரம்பமானது. தொட்டி உட்கார டிக்கியில் பள்ளம் வேண்டும். பள்ளத்தில் ஸ்டெப்னி இருந்தது. ஸ்டெப்னி வெளியே வந்தது. அதைப் பூவலிங்கம் வீட்டுக்கு உருட்டி வந்து நாவல் மரத்தடியில் போட்டது. வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று செண்பகம் கேட்டது. அவ்வளவு வேகமாகப் போகும் வண்டி பஞ்சர் ஆவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஜெயசீலன் சொன்னதைப் பூவலிங்கம் திருப்பிச் சொன்னது.

முன்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து பின்னால் இருக்கும் தொட்டிக்குக் குழாய் போக வேண்டும். வண்டிக்கு அடியில் கொண்டு போனால் கல் கிழித்துவிடும். உள்வழியாகக் கொண்டு போக, தரையில் ஒட்டியிருந்த கம்பளத்தைக் கிழித்தெடுத்தார்கள். தண்ணீரைத் தள்ள மோட்டார் வேண்டும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வேண்டும். அந்த பேட்டரி பின்ஸீட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு பேட்டரிக்கு முழு ஸீட் எதற்கு என்று ஸீட்டையே கழற்றினார்கள். மயில் தன் சொகுசுக்காகத் தைத்துப் போட்டிருந்த வெல்வெட் ஸீட் அது. கம்பளம், ஸீட், அதோடு காருக்குப் போர்த்தும் பெரிய உறை எல்லாம் பாரம் என்று வீட்டுக்கு வந்தன. நாவல் மரத்தடியில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

மரத்தின் மேல் இசக்கியம்மாள் என்ற கருமந்தி குடியிருந்தது. கீழே நடப்பதைப் பார்ப்பது அதன் முழுநேர வேலை.

"என்ன மதினி, வண்டியைத் தவணையில வாங்குதியளோ? இன்னைக்கு ஸீட்டு வந்திருக்கு, இன்ஜின் என்னைக்கு வரும்?"

 செண்பகம் வெல்வெட் ஸீட்டின் மேல் விழுந்திருந்த நாவல் பழத்தைத் தட்டிவிட்டு, அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தது. கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

ஐஸ் நீர்க்காகத்தின் மீன் கடையிலிருந்து வந்தது. அதனால் கார் போகும் வழியெல்லாம் காட்டுப்பூனைகள் பின்தொடர்ந்தன. முதல் ஓட்டத்தில் குழாய்க்குள் காற்று சிக்கிக்கொண்டு, விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி வண்டி கடமுடவென்று சத்தம் போட்டது. ஜெயசீலன் அந்தக் காற்றை வெளியே எடுத்த பிறகு சரியானது. இரண்டாவது ஓட்டத்தில் முக்கால் மலையில் ஐஸ் கரைந்துவிட்டது. மேலே போனதும் அள்ளிப் போட இன்னொரு பெட்டி ஐஸ் வேண்டும் என்றது ஜெயசீலன். அந்தப் பெட்டி வைக்க மிச்சமிருந்த ஒரே இடம் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்.

அப்போதுதான் பூவலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ அவ எங்கவே உக்காருவா?"

"மொதல்ல வண்டி மலை ஏறட்டும் அண்ணாச்சி. ஆளை ஏத்துறது ஒரு காரியமா?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று பூவலிங்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து ஸீட்டையும் கழற்றினார்கள்.

மூன்றாவது ஓட்டத்தில் கார் நிற்கவே இல்லை. போன முறை மானம் போன அந்தக் கொண்டை ஊசி வளைவைப் பூவலிங்கம் கண்ணால் பார்ப்பதற்குள் தாண்டிவிட்டது. எப்போதும் ஹாரன் அடித்துத் துரத்தும் செந்நாய்களின் ஜீப்பை முந்தியது. உச்சியில் இறங்கி டிக்கியைத் திறந்தபோது தொட்டியின் மூடியில் பனி பூத்திருந்தது. பூவலிங்கம் அதன்மேல் மூக்கை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றது. பிறந்ததிலிருந்து சேற்றில் குளிர்ந்து வந்த பன்றிக்கு, இவ்வளவு சுத்தமான குளிர்ச்சி புதிது. இனி செண்பகம் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தது.

செண்பகத்துக்கு வலி எடுத்தது ஒரு நல்ல வெயில் நேரத்தில். பூவலிங்கம் பதறவில்லை. மீன் கடைக்கு ஓடியது, ஐஸைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டியது, பெட்டியை நிரப்பியது, மோட்டாரைப் போட்டது. எல்லாம் பழகிய மாதிரியே நடந்தன. பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறு என்று சொன்னது. இருவரும் உள்ளே பார்த்தார்கள்.

பின்னால் பேட்டரியும் குழாயும். முன்னால் ஐஸ் பெட்டி. டிக்கியில் தொட்டி. காரில் ஒரே ஒரு ஸீட் இருந்தது. அதன் முன்னால் ஸ்டீயரிங் இருந்தது.

செண்பகம் தொட்டியின் மேல் உட்காரலாமா என்று கேட்டது. மூடி வளைந்துவிடும் என்றது பூவலிங்கம். பெட்டியின் மேல்? ஐஸ் அள்ளிப் போட அதைத் திறக்க வேண்டுமே. பூவலிங்கம் ஜெயசீலனுக்குப் போன் போட்டு, தொட்டியைக் கழற்ற முடியுமா என்று கேட்டது.

"கழட்டலாம். வண்டி பாதி மலையில நிக்கும், பரவால்லியா? ஐஸ் போட்டாச்சா அண்ணாச்சி? போட்டுட்டு நின்னு பேசிக்கிட்டா இருக்கீய? உருகுதுல்லா."

பூவலிங்கம் யோசித்தது. தொட்டி இருந்தால் மனைவிக்கு இடமில்லை. தொட்டி இல்லாவிட்டால் வண்டி மலை ஏறாது. இதற்கிடையில் ஐஸ் உருகுகிறது. இவற்றில் உடனே கவனிக்க வேண்டியது ஐஸ்தான் என்று அதற்குத் தோன்றியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குளத்தில் தண்ணீர் குடிக்கவோ பஸ்ஸில் உட்காரவோ இடம் வேண்டுமென்றால், முதலில் ஒரு துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு கிடந்தால் அந்த இடம் போட்டவருடையது. ஒருமுறை குளக்கரையில் ஒரு கீரியின் துண்டைப் பார்த்துவிட்டுப் புலியே தாகத்தோடு திரும்பிப் போயிருக்கிறது.

"உன் துண்டைக் குடு. நான் முன்னால போயி கட்டில்ல போட்டு இடம் பிடிச்சு வைக்கேன். நீ மெதுவா நடந்து வா."

செண்பகம் அதன் முகத்தைப் பார்த்தது. வலி ஒரு சுற்று வந்து போனது. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தது. பூவலிங்கம் அதை ஐஸ் பெட்டியின் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டு புறப்பட்டது. காட்டுப்பூனைகள் பின்னால் ஓடின.

கார் அன்றைக்கு ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடவில்லை. பூவலிங்கம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, துண்டோடு உள்ளே ஓடி, ஜன்னலோரக் கட்டிலில் அதை விரித்தது. டியூட்டியில் இருந்த நர்ஸ் ஒரு நாரை. வலி எப்போது எடுத்தது என்று கேட்டது. பூவலிங்கம் சொன்னது. நாரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை கேட்டது. வலி எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்மார்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. உத்தரவு வந்த நாளிலிருந்து ஒருவர்கூட அப்படி வந்ததில்லை. அதற்காக நாரை மாதாமாதம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஆள் எங்கே?"

"பின்னால நடந்து வாரா சிஸ்டர்."

"இந்தத் துண்டு அவங்களோடதுதானே?"

"அவளோடதுதான்."

நாரைக்கு அது போதுமானதாக இருந்தது. துண்டைத் தொட்டுப் பார்த்து, உடம்பு ரொம்ப ஜில்லென்று இருக்கிறதே என்று கவலைப்பட்டு, ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டது. பெஞ்சில் காலையிலிருந்து வலியோடு உட்கார்ந்திருந்த ஒரு முயல், அந்தக் கட்டில் காலியாகத்தானே இருக்கிறது என்று மெல்லக் கேட்டது. நாரை துண்டைக் காட்டியது. முயலும் காட்டு வழக்கம் தெரிந்ததுதான். அதற்கு மேல் கேட்காமல் பெஞ்சுக்கு அடியில் போய்க் குட்டி போட்டது.

பெரிய டாக்டர் ஆந்தை, பகல் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு வந்தது. இப்படியொரு பொறுப்பான குடும்பத் தலைவரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றது. பூவலிங்கத்துக்கும் காருக்கும் மாலை போட்டார்கள். துண்டோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். வீட்டு நினைப்பு வந்து பூவலிங்கம் இரண்டு முறை வாசலைப் பார்த்தது. ஆனால் ஆந்தை தொட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. தொட்டியைப் பற்றி யாராவது கேட்டால் பாதியில் நிறுத்திப் பூவலிங்கத்துக்குப் பழக்கமில்லை.

இருட்டத் தொடங்கியும் செண்பகம் வரவில்லை. வழியில் எங்காவது உட்கார்ந்திருக்கும் என்று பூவலிங்கம் திரும்பி வந்தது. ஐஸ் தீர்ந்துவிட்டதால் மெதுவாகத்தான் வர வேண்டியிருந்தது. மெதுவாக வந்ததில் கார் சூடாகவே இல்லை. பூவலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திச் சாலையோரத்தைப் பார்த்தது. அந்தக் கொண்டை ஊசி வளைவில் மட்டும் இறங்கி நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டது. மான்கள் இருந்தன. இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று அவை ஏமாற்றத்தோடு சொன்னன.

வீட்டு வாசலில் நாவல் மரக் கிளையிலிருந்து கார் உறை திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுகள் கருமந்தி போட்டவை. பூவலிங்கம் திரையை விலக்கியது. வெல்வெட் ஸீட்டில் கால் நீட்டிச் செண்பகம் படுத்திருந்தது. கீழே கம்பளம் விரித்திருந்தது. ஸ்டெப்னியின் நடுக்குழியில், ஒன்றன்மேல் ஒன்றாக, கோடு போட்ட குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. இசக்கியம்மாள் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

மாலையும் கழுத்துமாகப் பூவலிங்கம் அங்கேயே நின்றது.

"இடம் கிடைச்சுதா?" என்று செண்பகம் கேட்டது.

"கிடைச்சுது. ஜன்னலோரம்."

"துண்டு எங்க?"

"அங்கதான் இருக்கு. நாளைக்குத்தான் டிஸ்சார்ஜ் பண்ணுவாங்களாம்."

கருமந்தி விசிறுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. விசிறியைக் கீழே வைத்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. செண்பகம் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு ஒன்றே ஒன்று மட்டும் சொன்னது.

"இந்த ஸீட்டைத் திரும்பக் கொண்டுபோய் அதுல மாட்டிராதீய."

அடுத்த வாரம் புது உத்தரவு வந்தது. தாய்மாரை ஏற்றும் வண்டிகள் எல்லாவற்றிலும் டிக்கியில் தொட்டி இருக்க வேண்டும். ஜெயசீலனின் ஷெட் வாசலில் வரிசை ஓடை வரை நின்றது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டில்கள் எல்லாம் துண்டுகளால் நிரம்பின. ஒன்றுகூடத் தாமதமாக வரவில்லை.

நீதி: சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமானால், போக வேண்டியவரை முதலில் வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும்.