தொட்டியில் விழுந்து பிழைத்த போன்

மேசையிலிருந்து விழுந்த போனின் திரை கறுத்துப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அரை மணி நேரமும் வட்டக்காரர் கத்திக்கொண்டே இருந்தார்.

"யாரு இதை மேசை ஓரத்துல வச்சது?"

"நீங்கதான்," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் வைப்பேனா?"

"நாங்க யாராவது அதைத் தொட்டா கையை முறிச்சிருவீங்க. அப்புறம் வேற யாரு வைப்பா?"

அது உண்மை என்பதால் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

முன்னறையில் திரைச்சீலை தைக்கும் கடை, பின்னால் வீடு. வட்டம் கம்பெனி போனைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டேன் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், தெருவில் அவருக்கு வட்டக்காரர் என்றே பேர் ஆகிவிட்டது. மனைவி, மகள், துணி வெட்டும் மாஸ்டர் மூன்று பேரும் வைத்திருந்தது சிறகு கம்பெனி போன். ஒரே கூரைக்குக் கீழே மூன்று துரோகிகள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வயிறெரிவார். சிறகு வைத்திருக்கிறவன் அளவு எடுக்கக் கூப்பிட்டால்கூட ஒரு நாள் தள்ளித்தான் போவார்.

இன்றைக்குப் பிரச்சினை போன் மட்டும் இல்லை. அதற்குள் நாற்பத்து மூன்று ஜன்னல்கள் இருந்தன.

புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலின் ஜன்னல்கள். பழைய கட்டடம் என்பதால் ஒரு ஜன்னல் மாதிரி இன்னொன்று கிடையாது. எல்லா அளவையும் அவரே எடுத்து, போனில் எழுதி வைத்திருந்தார். கடைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. அதை நம்பித்தான் மனைவி போன மாதம் கார்மெண்ட் கம்பெனி சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு இந்த மெஷினில் வந்து உட்கார்ந்திருந்தாள். திரும்ப அளக்கலாம் என்றால் ஹோட்டலில் தரைக்கு வார்னிஷ் அடித்து எல்லா அறையையும் பூட்டிவிட்டார்கள். நாளை மறுநாள்தான் திறப்பார்கள். அன்றைக்குத்தான் திரைச்சீலையை மாட்டவும் வேண்டும்.

"அம்பது தடவை சொன்னேன். ஒரு நோட்டுல எழுதி வைங்கன்னு," என்றாள் மனைவி.

"வட்டம் இருக்கும்போது நோட்டு எதுக்கு? தண்ணித் தொட்டியில ரெண்டு மணி நேரம் கிடந்து பிழைச்ச போன் இது. இது சாவாது."

இந்தத் தொட்டிக் கதை அந்தத் தெருவுக்கே மனப்பாடம். நாலு வருஷத்துக்கு முன்னால் துணி நனைக்கிற தொட்டியில் போன் விழுந்துவிட்டது. அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரையே இறக்கிவிட்டார். மனைவிதான் போனை வாங்கிப் போய் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இருந்த படங்கள் போய்விட்டன, திரையின் முகம் கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான். புது அப்டேட் என்றாள். சிறகாக இருந்தால் அன்றைக்கே கருமாதி என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு வாங்கிய வட்டம் கைக்கடிகாரம் மட்டும் அந்தப் போனோடு ஒட்டவே இல்லை. கடிகாரத்தில்தான் கோளாறு என்று அதை டிராயரில் போட்டுவிட்டார்.

"மூலைக்கடை ரிப்பேர்க்காரர்கிட்ட கொண்டு போய்க் குடுங்க. பத்து நிமிஷத்துல பாத்துக் குடுத்துருவாரு," என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா? எல்லா போனும் ஒண்ணுதான்னு சொன்ன பய அவன். அவன் மூஞ்சியில முழிச்சு நாலு வருஷம் ஆச்சு."

போனின் பக்கவாட்டில் இருந்த பொத்தான்களை எல்லாம் சேர்த்து அழுத்தினார். போன் ஒரு உறுமல் உறுமிவிட்டு, அன்னிய பாஷையில் ஒரு பெண் குரலில் பேசத் தொடங்கியது.

"என்ன சொல்றா?" என்றார்.

"திரையில இருக்கிறதை வாசிக்கிறாப்பா. பொத்தான், பொத்தான்னு சொல்றா," என்றாள் மகள். அவள் காலேஜுக்கு லீவு போட்டு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதா? அளவைச் சொல்லச் சொல்லு."

"என் போன்ல உங்க கணக்கைத் திறந்து பாக்கட்டுமா?"

"சிறகுல வட்டத்தோட கணக்கைத் திறக்கிறதா? அதுக்குப் பேசாம கடையைப் பூட்டிட்டுப் போயிடலாம்."

கறுத்த திரையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அந்த ஹோட்டல் மேனேஜர் ஒரு சிடுமூஞ்சி. அளவு தொலைஞ்சதுன்னு தெரிஞ்சா ஆர்டரைப் பிடுங்கி எதிர்க்கடைக்குக் குடுத்துருவான்."

"அளவு தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டது போன்.

அன்னிய பாஷைப் பெண் போய், அதில் மேனேஜர் வந்திருந்தார். தடவிய தடவலில் கடைசியாகப் பேசிய நம்பருக்குப் போயிருக்கிறது.

"இல்லீங்க சார், அது வேற ஆர்டர். வேற மேனேஜர்," என்றார் வட்டக்காரர்.

"சரி. அஞ்சு மணிக்கு நான் அங்க வர்றேன். முதல் மாடித் துணி பூரா வெட்டி வச்சிருக்கணும். இல்லைன்னா நீங்க சொன்ன மாதிரி எதிர்க்கடைக்கே போயிடறேன்."

அழைப்பு நின்றது. மாஸ்டர் கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப சந்தோஷமா?" என்று வட்டக்காரர் மனைவியைக் கேட்டார். அவள் என்ன செய்தாள் என்று யாருக்கும் புரியவில்லை.

அடுத்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே ஈரம் கோத்திருக்கும், சூடு காட்டினால் சரியாகிவிடும். யாரும் தடுப்பதற்குள் போனைத் துணியில் சுற்றி, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்து எடுத்தார். துணியைப் பிரித்தபோது முதுகிலிருந்த வட்டச் சின்னம் ஒரு ஓரமாகக் கிளம்பியிருந்தது.

"அய்யோ, அதை விடுங்க," என்று மனைவி எழுந்து ஓடிவந்தாள். "நானே மூலைக்கடைக்கு எடுத்துட்டுப் போறேன், குடுங்க."

"உனக்கு என்ன இதுல இவ்வளவு அக்கறை?" என்று கேட்டு, சின்னத்தில் பசை தடவி ஒட்டினார். அது கோணலாக உட்கார்ந்தது. "நான் வட்டத்தோட ஷோரூமுக்கே போறேன். பெத்தவங்களுக்குத்தான் பிள்ளையோட நோவு தெரியும்."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அங்க மட்டும் போகாதீங்க."

"ஏன்?"

"கூட்டமா இருக்கும்."

"இருந்தா நிப்பேன்."

"உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. டாக்டர் நிக்கக் கூடாதுன்னாரு."

"டாக்டரும் சிறகுதான் வச்சிருக்கான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷோரூமில் கண்ணாடிக் கதவு, வெள்ளை மேசை, ஆளே இல்லாதது போன்ற அமைதி. டோக்கன் வாங்கிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் தொட்டிக் கதையை இரண்டு தடவை சொன்னார். முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண் போனை வாங்கி, திருப்பி, கோணல் சின்னத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினாள்.

"சார், இந்த போனை எங்களால தொட முடியாது."

"ஏன், தீட்டா?"

"நம்பர் எங்க பதிவுலயே இல்ல சார். இது வந்து..."

"பதிவுல இல்லையா? பதினோரு வருஷமா உங்க கம்பெனிக்காக ஊர் பூரா சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். சொந்த மச்சான் சிறகு வாங்கினான்னு அவன் வீட்டுப் பக்கமே நான் போறதில்ல. புது மாடல் வந்ததும் பழைய ஆளைப் பதிவுல இருந்து அடிச்சிட்டீங்க, அதானே?"

"அப்படி இல்ல சார். நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அந்தப் பெண் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் அவர் அதற்கு மேல் குரலை எடுத்தார். கடைசியில் வாசல் காவலாளி வந்து, மரியாதையாகத்தான், முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் விட்டார்.

நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், சிறகின் கடை இருந்தது.

பதினோரு வருஷக் கோபம் எல்லாம் ஒரே நொடியில் பக்கம் மாறியது. வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க ரோட்டைத் தாண்டினார். கண்ணில் பட்ட முதல் சிறகு போனை வாங்கினார். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, வட்டத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்து ஆட்டினார். அங்கே யாரும் பார்க்கவில்லை.

"என் பழைய போன்ல இருக்கிறதை எல்லாம் இதுல ஏத்துங்க," என்றார் கடைக்காரரிடம்.

"பழசு என்ன போன் சார்?"

"வட்டம்."

"அதுல எழுதி வச்ச குறிப்பெல்லாம் சிறகுக்கு வராதே சார். படம் வேணா வரும். அதுவும் திரை வேலை செஞ்சாத்தான்."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீங்க என்னைப் பேச விடவே இல்லையே சார்."

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. கையில் செத்த வட்டம் ஒன்று, பேசத் தெரியாத சிறகு ஒன்று, அளவு ஒன்றுகூட இல்லை. வட்டத்தைத் திட்டினார், சிறகைத் திட்டினார், வார்னிஷ் கண்டுபிடித்தவனைத் திட்டினார். மனைவி சிறகுப் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு ஒரு நிமிஷம் கோபம் இறங்கியது.

"அழாதே. உன் வேலையை விட வச்சவன் நான். தப்பு என்மேலதான்."

"நான் ஒண்ணும் அழலை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஷோரூம்ல என்ன சொன்னாங்க?"

"சொல்ல விட்டாத்தானே."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "குடுங்க. மூலைக்கடைக்கு நான் போறேன்."

அதற்குள் வாசலில் கார் நின்றது. ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன மேனேஜர் நாலு மணிக்கு முன்னாலேயே இறங்கி நின்றார்.

"நீ அவரைப் பாரு. நான் பின்பக்கமாப் போறேன்," என்று வட்டக்காரர் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டார்.

"வேண்டாங்க, நான் போறேன்..."

"என் மூஞ்சியைப் பாத்தா அந்த ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிரும். நீதான் சமாளிப்பே." சொல்லும்போதே அவர் கொல்லைக் கதவைத் தாண்டியிருந்தார்.

மூலைக்கடை ஒரு ஆள் உட்காரும் அகலம்தான். ரிப்பேர்க்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார். போனைக் கையில் வாங்கிப் பார்த்ததும், வெகுநாள் காணாத சிநேகிதனைப் பார்த்த மாதிரி சிரித்தார்.

"இன்னும் ஓடுதா இது?"

"சிரிக்கிற நேரமா இது? நாப்பத்து மூணு ஜன்னல் உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. எல்லா போனும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே, எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

ரிப்பேர்க்காரர் இழுப்பறையில் துழாவி ஒரு பழைய திரையை எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு என்னவோ செய்தார். இரண்டு போனையும் அக்கம்பக்கமாக வைத்து, இரண்டு இடத்தில் தட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. புது சிறகின் திரையில் முதல் மாடி, வடக்கு ஓரம், ஒன்றாம் ஜன்னல் என்று வரிசையாக வந்து விழுந்தது. நாற்பத்து மூன்றும் இருந்தன.

வட்டக்காரர் ரிப்பேர்க்காரரின் போனை வாங்கினார். அங்கிருந்தே மாஸ்டருக்குப் போன் போட்டு, முதல் ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். மறுமுனையில் கத்திரி துணியில் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் மேனேஜரின் குரல், "பரவாயில்லையே, வேகமாத்தான் வெட்டறாங்க," என்றது.

முதல் மாடி முடிந்ததும் போனை வைத்தார். உயிர் வந்தது. கூடவே பழைய கோபமும் வந்தது.

"பாத்தீங்களா? சிறகுக்காரன் வராதுன்னு சொன்னான். வந்துச்சா இல்லையா? அதான் வட்டம். திரை போச்சு, இஸ்திரிப் பெட்டியில வெந்துச்சு, பெத்த கம்பெனியே கைவிட்டுச்சு. அப்பவும் என்னைக் காட்டிக் குடுக்கலை. கோவத்துல போய் இந்தச் சனியனை வாங்கிட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

"இருங்க, அவசரப்படாதீங்க," என்றார் ரிப்பேர்க்காரர்.

"என்ன அவசரப்படாதீங்க? எந்தச் சிறகாவது தொட்டியில ரெண்டு மணி நேரம் கிடந்துட்டு, நாலு வருஷம் உழைக்குமா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க."

ரிப்பேர்க்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெருவில் வேறு யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தொட்டியில விழுந்த வட்டம் அன்னைக்கே செத்துப்போச்சுங்க. அது தெரிஞ்சா நீங்க கத்தியே ஊரைக் கூட்டிருவீங்கன்னு பயந்துபோய், ஒரு சிறகு போனை வாங்கி அதுக்கு வட்டத்தோட மூடியை மாட்டித் தரச் சொன்னது உங்க வீட்டம்மாதான்."