எந்த ஊர்த் தண்ணி?

வாசகரே, மனிதனை எடைபோட ஜாதகம் பார்ப்பவர்கள் உண்டு, கைரேகை பார்ப்பவர்கள் உண்டு, வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பார்ப்பவர்களும் உண்டு. நான் சொல்ல வந்த இனம் இதில் எதையும் பார்க்காது. நீங்கள் பால்குடி மறந்த நாளிலிருந்து எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தீர்கள் என்பது மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும். உங்கள் கோபம், கஞ்சத்தனம், வாங்கிய மார்க்கு, வாங்காமல் போன பிரமோஷன், பெண்டாட்டியோடு போடும் சண்டை அத்தனைக்கும் காரணத்தை அந்தத் தண்ணீருக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டிவிடும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஊர்த்தண்ணிக்காரர்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அறிமுகமான அரை நிமிடத்தில் "எந்த ஊரு?" என்பார். கடலூர் என்றால், "அது சரி, சொந்த ஊரு?" என்பார். அதையும் சொன்னால், "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்பார். நம் நாட்டில் இப்படி மூன்று சுற்றுக் கேட்பவர்கள் பொதுவாக வேறு எதையோ துழாவுகிறார்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஊர்த்தண்ணிக்காரர் பாவம், சத்தியமாகத் தண்ணீரைத்தான் துழாவுகிறார்.

எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார். சுப்புராயன் என்று பெயர். வருவாய் ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் மாவட்டம் முழுக்கச் சுற்றி, போன ஊரிலெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, குடித்த கையோடு அந்த ஊரைப் பற்றி ஒரு முடிவுக்கும் வந்து, அந்த முடிவை இன்றுவரை மாற்றாமல் காப்பாற்றி வருபவர். நான் குடிவந்த அன்று என் சொந்த ஊரைக் கேட்டார். சொன்னேன். "ஓ..." என்றார். அந்த 'ஓ'வை அவர் இழுத்த நீளத்துக்கு அர்த்தம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஒரு வாரம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருடைய சித்தாந்தத்தை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"மண்ணு தண்ணியச் செய்யிது. தண்ணி மனுஷனச் செய்யிது. மனுஷன் மோட்டாரச் செய்யிறான். மோட்டாரு மண்ணக் கெடுக்குது. அவ்ளோதான் தம்பி, சரித்திரமே முடிஞ்சுபோச்சு."

கேட்கும்போது என்னவோ பெரிதாக இருக்கிறதல்லவா? அங்கேயே நிறுத்தியிருந்தால் இவரை நான் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு செய்திருப்பேன். நிறுத்தமாட்டார். ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் எந்த விஷயத்தையும் தோண்டிக்கொண்டே இருப்பான், ஏனென்றால் பூமியையே தோண்டியெடுத்த வராக சாமி குடியிருக்கும் ஊர்த் தண்ணீர். நெய்வேலிக்காரன் ஆழமாக யோசிப்பான், ஏனென்றால் சுரங்கத்தின் அடியிலிருந்து ஏறி வருகிற தண்ணீர். சிதம்பரத்துக்காரன் வாயிலிருந்து ஒன்றும் வாங்க முடியாது, ஏனென்றால் அந்த ஊர்த் தண்ணீரிலேயே ரகசியம் கரைந்திருக்கிறது. சென்னைக்காரனுக்கு முன்பெல்லாம் மட்டு மரியாதை இல்லாமல் இருந்ததாம். வீராணத்திலிருந்து குழாய் போட்டு நம் தண்ணீரை அனுப்பியதற்குப் பிறகுதான் "வாங்க, போங்க" என்று பேசக் கற்றுக்கொண்டானாம். ஒருமுறை நான், இத்தனை புயலைப் பார்த்ததால் கடலூர்க்காரனுக்குப் பொறுமை வந்திருக்குமோ என்று கேட்டுவைத்தேன்.

"அது காத்து, தம்பி. காத்து நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்றார்.

எல்லா ஊரையும்விட அவருக்கு இளப்பம் குறிஞ்சிப்பாடி. ஏன் என்று கேட்காதீர்கள், நாற்பது வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு பட்டா விஷயமாகப் போய் மூன்று நாள் அலைந்தார். "குறிஞ்சிப்பாடித் தண்ணி குடிச்சவன் சாமானியத்துல ஒரு முடிவுக்கு வரமாட்டான். எதைக் கேட்டாலும் பாக்கலாம்பான். அந்தத் தண்ணி அப்படி." இதைச் சொல்லும்போது, 'பாக்கலாம்' என்ற சொல்லை ஏதோ தீட்டுப்பட்ட பொருளைத் தொடுவதுபோலச் சொல்வார்.

சரி, இவ்வளவு விஞ்ஞானத்துக்கும் கருவி வேண்டாமா? முன்பு நாக்கு இருந்தது. இப்போது மீட்டர் வந்துவிட்டது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும், பேனா அளவுக்கு ஒரு சாமான். ஆன்லைனில் வரவழைத்துச் சட்டைப்பையில் செருகியிருக்கிறார். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் குடிப்பதற்கு முன் அதற்குள் மீட்டரை விட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டிலும் விட்டார். "நானூத்தி இருவது. அதான் உங்க வூட்டுல சத்தம் ஜாஸ்தி." என் மனைவி அதன்பிறகு அவருக்கு மோர்தான் கொடுக்கிறாள். மோருக்குள்ளும் விட்டுப் பார்த்தார்.

தன் வீட்டுத் தண்ணீர் மட்டும் அவருக்கு அமிர்தம். கொல்லையில் அப்பா காலத்து போர். அதிலிருந்து பிடித்து மங்கலம் அம்மாள் (அவர் மனைவி) செப்புக்குடத்தில் வைத்திருப்பார். விருந்தாளிக்கு அதில் ஒரு டம்ளர் மொண்டு, மீட்டரை விட்டு, "பாத்தீங்களா? அறுவத்திரண்டு! மஞ்சக்குப்பத்து மண்ணு!" என்று அவர் காட்டாத நாள் கிடையாது. அதே போர்த் தண்ணீரில் குளிக்கும்போது சோப்பு நுரைக்காது. அதற்கு அவர் சோப்புக் கம்பெனியைத் திட்டுவார். குளியலறைக் குழாய்க்குள் மீட்டரை விட்டுப் பார்க்கலாமே என்கிறீர்களா? சொந்த வீட்டுக் குழாயை அளந்து பார்க்க யாருக்கய்யா தோன்றும்?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும், அவருக்கு ஒரு பெண் இல்லாமல் இருந்தால். சிந்துஜாவுக்கு இருபத்தெட்டு வயது. சிதம்பரத்தில் வங்கி வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவாள். அவளுக்கு வந்த மூன்று வரன்களைச் சுப்புராயன் தண்ணீரைச் சொல்லியே திருப்பி அனுப்பியிருந்தார். ஸ்ரீமுஷ்ணத்து மாப்பிள்ளை தோண்டுவான். நெய்வேலி மாப்பிள்ளை யோசித்துக்கொண்டே இருப்பான். மூன்றாவது வரன் துபாய். "கடல் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறவன், குணமே இருக்காது, வெறும் தண்ணி" என்று அதையும் தட்டினார்.

நான்காவது வரனைப் பெண்ணே கொண்டுவந்தாள். அவளோடு வேலை பார்க்கும் சித்தார்த். இரண்டு வருடப் பழக்கம். செய்தி கேட்டுச் சுப்புராயன் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"ரெண்டு வருஷமா மறைச்சிருக்கா பாரு! மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கதானே தண்ணி குடிக்கிறா? நான்தான் அப்பவே சொன்னேனே!"

பையன் எந்த ஊர் என்றார். பையன் குறிஞ்சிப்பாடி.

வாசகரே, இதையெல்லாம் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். பிறகு அவர் கணக்குப் போடும் குரல் வந்தது. "வாரத்துல அஞ்சு நாளு சிதம்பரத்துல ரூம் எடுத்துத் தங்குறான். அஞ்சு நாளு ரகசியம், ரெண்டு நாளு பாக்கலாம். இன்னா ஜென்மம்டி இது?"

சிந்துஜா அழவில்லை. "அப்பா, இந்த வாட்டியும் தண்ணியச் சொல்லித் தட்டுனீங்கன்னா எனக்குக் கல்யாணமே வேணாம். நான் பாட்டுக்கு வேலைக்குப் போறேன், வரேன். அப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக்கூடாது" என்றாள். அந்தப் பெண் சொன்னால் சொன்னதுதான்.

"சரி, வரச் சொல்லு. பாக்கலாம்" என்றார் சுப்புராயன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். சித்தார்த், அவன் அம்மா ராசம்மாள், வேன் நிறைய உறவினர்கள். வேனைப் பக்கத்துச் சந்தில் நிறுத்தினார்கள். பெண் வீட்டுச் சார்பில் கௌரவமாக உட்கார்ந்திருக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுப்புராயன் எடுத்த எடுப்பில் செப்புக்குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு மாப்பிள்ளைக்கு நீட்டி, மீட்டரை விட்டார்.

"அறுவத்திரண்டு. எங்க கொல்லை போரு. குடிச்சுப் பாருங்க தம்பி. இந்தத் தண்ணிதான் எங்கள ஆளாக்குச்சு. கேட்டா பட்டுனு முடிவு சொல்லுவோம்."

சித்தார்த் குடித்தான். கொஞ்சம் யோசித்தான். டம்ளரைப் பார்த்தான். குடத்தைப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்து, சமையலறை வாசலில் நின்ற மங்கலம் அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நல்லாருக்குங்க மாமா" என்றான்.

"பையன் எதையோ மறைக்கிறான். அஞ்சு நாள் தண்ணி" என்று சுப்புராயன் என் காதில் சொன்னார்.

ராசம்மாள் பொறுமையான மனுஷி. சொஜ்ஜி, பஜ்ஜி வந்ததும், "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குங்க. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

சிந்துஜா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்புராயன் தொண்டையைச் செருமினார்.

"பாக்கலாம்" என்றார்.

பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. எழுந்து உள்ளே போகத் திரும்பினாள். அந்த நேரத்தில்தான் வாசலில் இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு பக்கிரி வந்தார். தண்ணீர் வேன் ஓட்டுகிறவர், ஐம்பது வயது, தொண்டை பெரிது.

"அக்கா! மங்கலக்கா! சந்துல எவனோ வேன உட்டுக்கினு வழிய அடைச்சுட்டான், அதான் இப்புடி முன்னால வந்துட்டேன். அவசரம்னு போன் போட்டீங்களே? வழக்கம்போல செப்புக்கொடத்துல ஊத்திரவா?"

கையில் வைத்திருந்த பஜ்ஜியை நான் எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"யோவ், யாருய்யா நீ?" என்றார் சுப்புராயன்.

"பக்கிரிங்க. ஒம்போது வருஷமா இந்த வூட்டுக்கு நாந்தான் தண்ணி போடுறேன். காலையில நீங்க மைதானத்துல வாக்கிங் போவீங்களே, அந்த டைமுக்குத்தான் அக்கா வரச் சொல்லும்." அப்போதுதான் அவர் கண் ராசம்மாள் மேல் விழுந்தது. "அட, ராசம்மாக்கா! நீங்க எங்க இங்க? உங்க வூட்டுக்குப் பின்னால எடுக்குற தண்ணி இங்க வந்தும் உங்கள உடலியா?"

"எந்த ஊர்த் தண்ணிய்யா அது?" என்றார் சுப்புராயன்.

"குறிஞ்சிப்பாடிங்க. ராசம்மாக்கா வூட்டுக் கொல்லைய ஒட்டித்தான் எங்க பிளாண்டு. அவங்க வூட்டுலயும் இதத்தான் குடிக்கிறாங்க."

சுப்புராயன் கேனைத் திறந்து மீட்டரை விட்டார். அறுபத்திரண்டு. குடத்துக்குள் விட்டார். அறுபத்திரண்டு. மறுபடியும் கேன். மறுபடியும் குடம். மீட்டருக்கு ஈவு இரக்கம் உண்டா?

மங்கலம் அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "கொல்லை போரு உப்பாப் போயி ஒம்போது வருஷம் ஆவுது. அப்பவே சொன்னேன். நீங்க பாக்கலாம்னீங்க. கிணத்துக்காரனக் கூப்புட்டுக் காட்டுவோம்னேன். அதுக்கும் பாக்கலாம்னீங்க. நான் கேன் போட்டுட்டேன்." பிறகு அவருக்கே ஏதோ பொறி தட்டியது. "ஏங்க, அப்பத்துலேருந்து எத சொன்னாலும் பாக்கலாம், பாக்கலாம்னுதானே சொல்றீங்க? அப்போ நீங்க சொல்றது மெய்தாங்க! அந்தத் தண்ணி அப்படித்தாங்க!"

இப்போது அவர் நிலைமையைப் பாருங்கள். சித்தாந்தம் பொய் என்றால் நாற்பது வருட ஆராய்ச்சி போச்சு. சித்தாந்தம் மெய் என்றால் அவரே அசல் குறிஞ்சிப்பாடிக்காரர். கூடத்தில் அத்தனை பேரும் அவர் வாயைப் பார்க்கிறோம். சிந்துஜா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் மீட்டரைத் துடைத்தார். மூடி போட்டார். சட்டைப்பையில் செருகினார். பெண்ணைக்கூட விட்டுக்கொடுப்பார், சித்தாந்தத்தை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். என் கணக்கு சரியாகவே இருந்தது.

"ஒரே தண்ணி!" என்று எழுந்து கையைத் தட்டினார். "சம்மந்தியம்மா, பத்துப் பொருத்தம் பாக்குறாங்களே, மடையனுங்க, இதப் பாக்குறானுங்களா? ஒம்போது வருஷமா ரெண்டு வூட்டுலயும் ஒரே போர்த் தண்ணி! பதினோராவது பொருத்தம் இதுதான்! மாப்ள, காப்பி எடுத்துக்குங்க!"

சித்தாந்தம் பிழைத்தது. பெண்ணுக்குக் கல்யாணமும் நிச்சயமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கிரிக்கும் ஒரு தட்டு பஜ்ஜி கொடுத்தார்கள்.

"அப்ப தேதி?" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

"பாக்கலாம்" என்றாள் ராசம்மாள்.

"ஆமாமா, பாக்கலாம்" என்றார் சுப்புராயன்.

சிந்துஜாவும் சித்தார்த்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தை மாசம் பதினாலு. சிதம்பரத்துல மண்டபம் புக் பண்ணி மூணு மாசம் ஆச்சு" என்றாள் அவள்.

சுப்புராயன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த வெற்றியை நான் எழுதிக் காட்ட முடியாது. "மூணு மாசம்! ஒரு வார்த்த வெளிய வரல, பாத்தியா? சிதம்பரத்துத் தண்ணி தம்பி, சிதம்பரத்துத் தண்ணி!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கெல்லாம் இந்தப் பைத்தியம் கிடையாது என்றும் நினைத்துக்கொள்கிறீர்கள். போன மாதம் ஆபீசுக்குப் புதிதாக வந்தவர் டீக்கடையில் காசு கொடுக்கும் நேரத்தில் எல்லோருக்கும் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, "இவரு எந்த ஊரு?" என்று பக்கத்து சீட்டில் கேட்டது யார்? பதில் வந்ததும், "அதான பாத்தேன்" என்றது யார்? சரி, அதை விடுங்கள், சண்டை வேண்டாம். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, "ஒரு நல்ல மனுஷனைப் பற்றி இத்தனை நக்கலா? இதை எழுதினவன் எந்த ஊர்க்காரனாய் இருப்பான்?" என்று ஒரே ஒருமுறை உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியிருக்கும். நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் "ஓ..." என்பீர்கள்.