பாதி வெட்டிய டம்ளர்

"நிறுத்துடா, வெட்டாதே" என்று கோவிந்தராஜ் வந்து சொன்னபோது, அவர் மகன் பூவராகவனின் உளி எவர்சில்வர் டம்ளரில் 'கோவிந்த' வரைக்கும் போய்விட்டிருந்தது.

செஞ்சிக் கடைவீதியில் அவர்களுடையது பாத்திரக்கடை. ஊரில் பாதிப்பேருடைய பெயர் ஏதாவது ஒரு குடத்திலோ குண்டானிலோ பூவராகவன் கையால் வெட்டப்பட்டிருக்கும். இப்போது அவனுக்கே மகன் பிறந்து மூன்று மாதம். அம்மா வீட்டிலிருந்து மனைவி வசந்தா பிள்ளையோடு திரும்பிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை பெயர்சூட்டு. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் டம்ளரை எடுத்து வெட்ட ஆரம்பித்திருந்தான்.

"ஏன் நைனா?"

"உன் பொண்டாட்டிக்குச் சொல்ல வாய் வரலியாம்டா." கோவிந்தராஜின் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. "மாமா பேரை எப்படிச் சொல்றதுன்னு கண்ணுல தண்ணி வச்சிக்கினு நிக்குது. இந்தக் காலத்துல யாருக்குடா இப்பேர்ப்பட்ட மருமக கிடைக்கும்?"

கிடைக்காது என்று பூவராகவனுக்கும் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷமாகக் கோவிந்தராஜின் வாய்க்கு அவள்தான் ஈடுகொடுத்து வருகிறாள். காபி ஆறிவிட்டது என்பார். சுடவைத்துக் கொண்டுவந்தால் நாக்கு வெந்துவிட்டது என்பார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அப்பனும் மகனும் கடைக்குப் போன பிறகு மோர் ஊற்ற வருகிற நாகம்மாளைத் தவிர வேறு யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை என்று தெருவில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையைப் பெயர்சொல்லிக் கூப்பிட முடியாமல் தவிக்க வேண்டுமா என்று நினைத்தபோது அவனுக்கு மனசு கேட்கவில்லை. நைனாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. பேரன் பிறந்த அன்றே, 'என் பேருதான்' என்று கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டு வந்த மனிதர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டு பேருடைய மனசும் நோகாமல் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும்.

மறுநாளே இன்னொரு டம்ளரில் 'ராஜாராம்' என்று முழுசாக வெட்டிக் கொண்டுபோனான். வசந்தா அதை முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொண்டூர் பெரிய மாமா பேருங்க."

பூவராகவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டூரில் ஒரு பெரியப்பா இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த டம்ளர் 'ஆதிமூலம்'. அந்தப் பெயரில் சொந்தபந்தம் யாரும் இல்லை என்று அவன் சத்தியமே செய்வான். வசந்தா மறுபடியும் தலையைக் குனிந்தாள்.

"உங்க கொள்ளுத்தாத்தா பேருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பரண்மேல கிடக்குதே ஒரு அண்டா. அதுல வெட்டியிருக்குது."

ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். இருந்தது. ஊர்ப் பாத்திரத்துக்கெல்லாம் பெயர் வெட்டுகிறவனுக்குத் தன் வீட்டு அண்டாவில் இருக்கும் பெயர் தெரியவில்லை. மூன்று வருஷம் முன்னால் வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. எதற்காக இவள் பரணெல்லாம் ஏறிப் படித்தாள் என்று அவனுக்கு ஒரே குறுகுறுப்பாக இருந்தது. கோவிந்தராஜுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. செத்தவர்களுக்குக்கூட மரியாதை கொடுக்கிற பெண் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இனிமேல் மோசம் போகக்கூடாது என்று பூவராகவன் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் முற்றத்தில் இறக்கிக் கவிழ்த்து, அவற்றிலிருந்த பெயர்களைத் தாளில் எழுதினான். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஜெயத்துக்குக் கடிதம் போட்டு, இருக்கிற, செத்த பெரியவர்கள் பெயரையெல்லாம் கேட்டு வாங்கினான். ஆக மொத்தம் முப்பத்தொரு பெயர். எதிலும் சேராத ஒன்றைத் தேடிப்பிடித்து, புதன்கிழமை 'முருகையன்' என்று வெட்டினான்.

அன்றைக்கு வசந்தா தலையைக் குனியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மாமனாரிடம் கொடுத்தாள்.

"நல்ல பேரு மாமா. எதிர்க்கடைக்காரர் பேரும் இதுதானே?"

கோவிந்தராஜுக்கும் எதிர்ப் பாத்திரக்கடைக்காரருக்கும் இருபது வருஷப் பகை. வீட்டில் அவரை 'அந்தப் பயல்' என்றே சொல்லிச் சொல்லி, அவர் பெயரே பூவராகவனுக்கு மறந்துபோயிருந்தது. டம்ளர் முற்றத்தைத் தாண்டி வாசலுக்குப் போய்த் தெருவில் உருண்டது. அந்தப் பயல் பேரைத் தன் பேரனுக்கு வைத்துத் தான் தினமும் கொஞ்ச வேண்டுமா என்று பெரியவர் போட்ட சத்தம் ராஜகிரிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை வந்தது. அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். சமையலுக்கும் ஆள் சொல்லியாயிற்று. பெயர் மட்டும் இல்லை. ராஜாராம் டம்ளரையாவது ஊரில் இருக்கிற வேறொரு ராஜாராம் தலையில் கட்டிவிடலாம், ஆதிமூலத்துக்கு எங்கே போவது என்று பூவராகவன் விழித்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்குப் பேர் வைக்கத் துப்பில்லாதவன் என்று நைனா அவனைத் திட்டி முடித்து அக்காவைத் திட்ட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் கதவோரமாக நின்ற வசந்தா மெதுவாகச் சொன்னாள்.

"என்னால இவ்வளவு தொந்தரவு வேணாம் மாமா. நீங்க ஆசைப்பட்ட பேரே இருக்கட்டும். நீங்க உத்தரவு குடுத்தா எப்படியாவது கஷ்டப்பட்டுப் பழகிக்கிறேன்."

கோவிந்தராஜ் கரைந்துபோனார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உத்தரவும்மா. வாய் நிறையக் கூப்பிடு. யாரு இன்னா கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

பூவராகவன் கடைக்கு ஓடினான். பாதி வெட்டிய டம்ளரைத் தேடி எடுத்து 'ராஜ்' என்பதையும் சேர்த்து வெட்டினான். எட்டு நாள் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை வீடு நிறையக் கூட்டம். அத்தை முறைக்கு ஜெயம் பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னாள். அடுத்தது தாயின் முறை. வசந்தா வாயைத் திறந்தாள், மூடினாள், மாமனாரைப் பார்த்தாள். "கோ… கோவி…" என்று திக்கினாள். மூன்றாவது தடவைதான் பெயர் முழுசாக வந்தது. பெண்கள் கன்னத்தில் கைவைத்து வியந்தார்கள். கோவிந்தராஜ் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

பூவராகவனுக்கும் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்றுதான் குடைந்தது. இந்த உத்தரவை முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று டம்ளர் மிஞ்சியிருக்குமே, ஏன் கேட்கவில்லை?

விருந்துக்கு மோர்ப்பானை இறக்க வந்த நாகம்மாள், கொல்லைப்புறத்தில் கைகழுவிக்கொண்டிருந்த அவனிடம் வந்து நின்றாள்.

"இன்னா மொதலாளி, அம்மாவுக்கு இன்னிக்குப் போய் இப்படித் திக்குது? தெனம் நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போனதும், 'டேய் கோவிந்தராஜு, வாய மூடுடா, காபி ஆறித்தான் இருக்கும், இஷ்டம்னா குடி, இல்லாட்டி எழுந்து போ'ன்னு தொட்டிலை ஆட்டிக்கினு நல்லாத்தானே கொஞ்சும்?"